மேடம் வகுப்பில் இருக்கிறார்

வளர்கொங்கு தொழில்நுட்பக் கல்லூரியை விட்டு ஒருவர் போவதென்றால் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சேர்வதற்கு ஒரே ஒரு கையெழுத்து போதும், அதுவும் சேர்கிறவர் தானே போட்டுக்கொள்வது. நூலகம், விடுதி, பேருந்து, உணவகம், தோட்டம், ஜெனரேட்டர் அறை என்று ஒவ்வொன்றின் பொறுப்பாளரும் 'இவரிடமிருந்து எங்களுக்கு வரவேண்டியது ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அலுவலகத்து இரும்பு பீரோ திறக்கும். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அந்த பீரோவுக்குள் இருக்கின்றன. வேலைக்குச் சேரும் அன்றே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் என்று சொல்வார்கள். யாரிடமிருந்து பத்திரம் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உஷாராணிக்கு இப்போது அந்த பீரோ திறந்தாக வேண்டும். கணினித் துறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை தேறியிருந்தார். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சேலத்தில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அசல் இல்லாமல் வருகிறவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள், மறுவாய்ப்பு கிடையாது என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த தேர்வு எப்போது என்று அரசாங்கத்துக்கே தெரியாது. அது வருவதற்குள் உஷாராணிக்கு வயது தாண்டிவிடும்.

கடிதம் வந்தது மூன்று வாரத்துக்கு முன்பு. அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிட்டு, படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஐந்து நாளில் இருபத்தாறு கையெழுத்து வாங்கினார். தோட்டக்காரர் மட்டும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் போட்டார். இருபத்தேழாவது கையெழுத்து காணொளிக் கற்றல் பிரிவுடையது. காணொளிப் பாடங்களை ஆசிரியர்களும் பார்த்து முடித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

அதன் தலைவர் ரமேஷ்குமார் அதற்கு முன்பு கல்லூரிப் பேருந்துகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்பதை நொடி சுத்தமாகச் சொல்லக்கூடியவர் என்பதால், பாடம் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுவார் என்று நிர்வாகம் நம்பியது. அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க மேடம், நீங்க ஃபிரேம்வொர்க் கோர்ஸ் முடிக்கவே இல்லீங்களே. பார்த்தது பூஜ்ஜியம் சதவீதம்னு காட்டுதுங்க."

"அந்தக் கோர்ஸை எடுத்ததே நான்தானுங்களே சார்! நாப்பது டெமோவும் என்னோடதுதானுங்க."

"எடுத்தது வேறங்க, பார்த்தது வேறங்க. சமைச்சவங்க சாப்பிட்டாங்கன்னு எந்த நம்பிக்கைல கையெழுத்துப் போடறது? பார்க்காத ஆளை வெளிய உட்டா எனக்குத்தானுங்க கேள்வி வரும்."

இந்த இடத்தில் அந்த நாற்பது டெமோவின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது. இணையதளம் கட்டுவதற்கு ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. வீடு கட்டுகிறவர் மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுப்பதில் தொடங்காமல், தூணும் நிலையும் ஜன்னலும் ஆயத்தமாக வாங்கி நிறுத்துகிறார் அல்லவா, அதுபோல. அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி, கட்டிக் கட்டிப் பார்ப்பதுதான். உஷாராணி அப்படித்தான் சொல்லிக் கொடுத்து வந்தார். பையன்கள் கட்டுவார்கள், அது இடிந்து விழும், ஏன் விழுந்தது என்று கூட உட்கார்ந்து பார்ப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு தாளாளர் சென்னிமலைக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்து வடக்கே எல்லா மாநிலத்திலும் துளை போட்டுவிட்டு வந்து கல்லூரி தொடங்கியவர். ஆசிரியர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"ஒருக்கா போர் போட்டா முப்பது வருசம் தண்ணி வருதுங்க. தினமுமா ரிக்கைக் கொண்டாந்து நிறுத்தி ஓட்டை போடறோம்? இந்த வாத்தியாருங்க மட்டும் எதுக்குங்க ஒரே பாடத்தை வருசா வருசம் சொல்லோணும்? தொண்டை வலிக்காதுங்களா? எனக்கு வாத்தியாருங்க மேல இரக்கம் உண்டுங்க. ஒருக்கா சொல்லட்டும். நாம புடிச்சு வெச்சுக்குவோம். அப்புறம் அவிய ரெஸ்ட் எடுக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியர்களும் தட்டினார்கள். ரெஸ்ட் என்றால் என்ன என்பது சிலருக்கு டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

முதலில் பிடித்து வைத்துக்கொள்ளப்பட்டவர் உஷாராணி. கல்லூரி ஸ்டுடியோவில் அப்போது தாளாளரின் படமும் ஏசியும் மட்டும்தான் வந்திருந்தன, காமிரா வரவில்லை. அதனால் பள்ளிபாளையத்தில் தன் வீட்டிலேயே பதிவு செய்தார். பக்கத்துச் சந்தெல்லாம் விசைத்தறி. தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் இல்லாத நாட்களில் தறிகள் நிற்கும், அப்போது மடிக்கணினியின் பேட்டரியில் வேலையை ஓட்டுவார். மற்ற நாட்களில் கணவர் ஜீவானந்தம் தன் நான்கு தறியையும் நிறுத்தி, அக்கம்பக்கத்தில் கெஞ்சி அவர்களையும் நிறுத்தச் சொல்வார்.

இப்படி எடுத்ததால் டெமோக்களில் சில கோளாறுகள் இருந்தன. ஒன்பதாவது டெமோவில் உஷாராணி ஃபைலைச் சேவ் செய்ய மறந்துவிட்டு, மாற்றம் ஏன் திரையில் வரவில்லை என்று பதினான்கு நிமிடம் தேடுவார். நடுவில் தண்ணீர் குடிப்பார். 'அட சாமி' என்பார். கடைசியில் கண்டுபிடித்துத் தலையில் தட்டிக்கொள்வார். இருபத்திரண்டாவது டெமோவில் பேட்டரி தீர்ந்து, பாதி வாக்கியத்தில் படமே நின்றுவிடும். இரண்டையும் மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். வந்த தண்ணீரை யாரும் திருப்பிக் குழாய்க்குள் ஊற்றுவதில்லை என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு உஷாராணிக்கு வகுப்பு இல்லை. அவருடைய வகுப்பு ஏழு ஆய்வகங்களில் தானே ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் புதுச்சத்திரம் பக்கம் ஊர் ஊராக அனுப்பி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று சொல்ல வைத்தார்கள். 'அங்க யாருங்க பாடம் எடுப்பாங்க?' என்று கேட்பார்கள். 'நான்தானுங்க' என்பார். அது பொய்யில்லை என்பதுதான் அவருக்கு வேதனை.

ஆக, பத்து வேலைநாள், நாளைக்கு நான்கு டெமோவாக உட்கார்ந்து, தன்னைத் தானே பார்த்து முடிப்பது என்று முடிவாயிற்று. வேறு வழியில்லை. மூன்றாம் ஆய்வகத்தில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் உண்டு. உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக் காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகம் திரும்பினால் சதவீதம் குறையும். படத்தை நிறுத்தினால் அதைவிடக் குறையும். செய்து பார்க்கலாம் என்று நிறுத்தினால் கற்கவில்லை என்று பொருள்.

முதல் டெமோ தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் அலறியது. திரைக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒருவரே, இது ஆள்மாறாட்டம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ரமேஷ்குமார் தலைமையில் மூவர் குழு கூடியது. ஒன்றரை நாள் விசாரித்தது. இரண்டு முகமும் ஒன்றாக இருப்பது உஷாராணியின் கவனக்குறைவே என்று முடிவு செய்து, அவரிடம் ஒரு கடிதம் கேட்டது.

'காணொளியில் தோன்றும் ஆசிரியர் நான் அல்ல என்று கல்வி நோக்கங்களுக்காக உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது அந்தக் கடிதத்தில்.

"இது எப்படிங்க சார்? அது நான்தானே?" என்றார் உஷாராணி.

"அது நீங்கதான்னு ஊருக்கே தெரியுமுங்க. இது சும்மா ஃபார்மாலிட்டிங்க. இத்தனை படிச்ச நீங்களே யோசிச்சா எப்படி?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பதினான்கு நாள்தான் இருந்தது. உஷாராணி கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை மென்பொருள் படிக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி அலறியது. ஆய்வக உதவியாளர் ராஜம்மாள்தான் வழி சொன்னார். பேராசிரியர்களுக்கு வேலை இருக்கும்போதெல்லாம் அவர்களுக்குப் பதிலாகக் காமிரா முன்னால் உட்காருகிறவர் அவர். காமிரா பார்த்தது அவர் முகத்தை என்பதால் செயற்கை நுண்ணறிவு உட்படப் பதினோரு சான்றிதழ் அவர் பெயரில் வந்திருந்தது. கல்லூரியிலேயே அதிகத் தகுதியுள்ளவர் அவர்தான், ஆனால் கூட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்க மேடம். அந்தப் படத்துல நீங்க சிரிச்ச மொகமா இருக்கறீங்க. இப்ப இருக்கற மாதிரியே இருங்க, மிசினுக்கு ஆள் தெரியாது."

அப்படியே ஆயிற்று. உஷாராணி இருந்தபடி இருந்தார், மென்பொருள் அடங்கிவிட்டது. திரையில் ஒருத்தி உற்சாகமாக, கையை ஆட்டி ஆட்டி, 'பாத்தீங்களா, ஓடுது பாத்தீங்களா!' என்று குதூகலித்தாள். மூன்று வருடத்தில் ஒரு மனுஷி இந்த அளவு மாறமுடியுமா என்று நினைத்ததும் உஷாராணிக்கு அழுகை வந்தது. அழுதால் சதவீதம் குறையுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் மோனிஷா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி. அப்பா ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார். அம்மா வையப்பமலைப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்தார். அவள் ரெக்கார்டு நோட்டில் ஒன்பதாவது டெமோவை எழுதிக்கொண்டிருந்தாள். உஷாராணி எட்டிப் பார்த்தார்.

'12. மேடம் தண்ணீர் குடிக்கிறார். 13. மாற்றம் வரவில்லை. 14. அட சாமி எனச் சொல்க. 15. பதினான்கு நிமிடம் தேடுக.'

"ஏம்மா, இது நான் பண்ணுன தப்பு! ஃபைலைச் சேவ் பண்ணிட்டா அடுத்த நொடி வந்துருமே?"

மோனிஷா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், வாய் அசையாமல் பேசினாள். அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அப்படிப் பேசப் பழகியிருந்தது. "தெரியுமுங்க மேடம். ஆனா சேவ் பண்ணுனா அவுட்புட் முன்னாலயே வந்துருதுங்க. படத்துல இருக்கற மாதிரி வரோணும். போன தடவை கோகுல்ராஜுக்கு எடுத்ததும் ஓடிருச்சு. காப்பியடிச்சுட்டான்னு அவங்கப்பாவைக் கூட்டியாரச் சொல்லிட்டாங்க."

"காப்பியா? யாரைப் பாத்து?"

"யாரையும் பாக்கலைங்க. படத்தையும் பாக்கலைன்னுதான் கோபம்."

இருபத்திரண்டாவது டெமோ ஓடியபோது, திரையில் உஷாராணி 'இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க, அது என்னன்னா' என்று தொடங்கினார், பேட்டரி தீர்ந்து படம் நின்றது. அதே கணம் ஆய்வகத்தில் முப்பத்தெட்டு பேரும் குனிந்து தங்கள் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார்கள். நோட்டில் 'இத்துடன் செயலி நிறைவுற்றது' என்று எழுதினார்கள். உஷாராணி எழுந்து, அது நிறைவில்லை, என் பேட்டரி, என்று சொல்ல வாயெடுத்தார். அவர் முகம் காமிராவைத் தாண்டியதும் இரண்டு சதவீதம் குறைந்தது. உட்கார்ந்துவிட்டார். தன் பயத்தை நினைத்து அவருக்கே கேவலமாக இருந்தது.

பத்து நாள் முடிந்து, புதன்கிழமை செய்முறைத் தேர்வு. உஷாராணி தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார். ஃபிரேம்வொர்க்கும் மூன்று வருடத்தில் இரண்டு முறை மாறிவிட்டிருந்தது. புது முறைப்படி, சுத்தமாக, ஒரே ஓட்டத்தில் கட்டி நிறுத்தினார். நூற்றுக்கு இருபத்து மூன்று வந்தது. 'வெளியீடு முன்கூட்டியே வந்துவிட்டது. தேடுதல் இல்லை. தண்ணீர் அருந்தவில்லை. ஆசிரியரின் முறையிலிருந்து தேர்வர் பல இடங்களில் விலகியுள்ளார்' என்று குறிப்பு இருந்தது.

"சார், நானே ஆசிரியர்!"

"அப்படியெல்லாம் தலைக்கனம் ஆகாதுங்க மேடம்," என்றார் ரமேஷ்குமார். "அந்த மேடம் எத்தனை பொறுமையாச் சொல்லிக் குடுக்கறாங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டு அவங்களையே மிஞ்சலாம்னு பாக்கறீங்க. நாளைக்கு ஒரு சான்ஸ் தாரேன், ஒழுங்காப் பார்த்துச் செய்யுங்க."

அன்று மதியம் முழுக்க மோனிஷாவும் ராஜம்மாளும் உட்கார்ந்து உஷாராணிக்கு உஷாராணியைச் சொல்லிக் கொடுத்தார்கள். "அந்த எடத்துல முடியைக் காதுக்குப் பொறகால ஒதுக்குனீங்க மேடம்." "இல்லைங்க, மொதல்ல வலக்கை, அப்புறம்தான் பெருமூச்சு." "தலைல தட்டறது இத்தனை மெதுவா இல்லீங்க, அன்னைக்கு நல்லா நங்குன்னு தட்டிக்கிட்டீங்க."

வியாழக்கிழமை மறுதேர்வு. ரமேஷ்குமார் பக்கத்திலேயே நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உஷாராணி ஃபைலைச் சேவ் செய்யவில்லை. பதினான்கு நிமிடம், தப்பு எங்கே என்று தெரிந்துகொண்டே, தப்பு இல்லாத இடத்தில் எல்லாம் தேடினார். தண்ணீர் குடித்தார். 'அட சாமி' என்று சொன்னபோது மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டாவது பயிற்சியில் பாதி வரியில் சுவிட்சை அணைத்தார். நூற்றுக்கு நூறு. கல்லூரி வரலாற்றில் முதல் முறை என்று ரமேஷ்குமார் கைகொடுத்துவிட்டு, இருபத்தேழாவது கையெழுத்தைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு உஷாராணி தாளாளர் அறை வாசலில் நின்றார். ஜீவானந்தம் நான்கு தறியையும் நிறுத்திவிட்டு, சேலத்துக்குக் கூட்டிப்போக பைக்கோடு கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். ஒன்பதரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பீரோ சாவியோடு எழுத்தர் காளியண்ணனும் நின்றிருந்தார். தாளாளர் படிவத்தின் இருபத்தேழு கையெழுத்தையும் விரல் வைத்து எண்ணினார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க மேடம். சந்தோசம். ஆனா சர்ட்டிபிகேட் யார்துன்னு பாக்கோணுமில்லீங்களா? காளியண்ணா, அந்த லெட்டரை எடு."

காளியண்ணன் கோப்பிலிருந்து எடுத்து நீட்டினார். காணொளியில் தோன்றும் ஆசிரியர் நான் அல்ல.

"நம்ம ரிஜிஸ்தர்ல இருக்கற உஷாராணி மேடம், ஏழு லேப்லயும் கிளாஸ் எடுத்துட்டு இருக்கறாங்க. மூணு வருசமா ஒரு நாள் லீவு இல்லீங்க. அவங்களுக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை. அவங்க ராஜினாமாவும் குடுக்கலை, குடுத்திருந்தா கிளாஸ் நின்னிருக்குமில்லீங்களா? பீரோல இருக்கற சர்ட்டிபிகேட் அவங்களோடது. அவங்க நீங்க இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க. ஒருத்தர் சர்ட்டிபிகேட்டை இன்னொருத்தர்கிட்ட எடுத்துக் குடுத்தா அது தப்புங்க மேடம். நான் அந்த மாதிரி ஆள் கிடையாது."

"ஐயா, அது சும்மா ஃபார்மாலிட்டின்னுதானே வாங்குனீங்க? பன்னெண்டு மணிக்குள்ள நான் சேலத்துல இருக்கோணுமுங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க. காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து குடுத்துர்றேன். உங்க கால்ல வேணும்னாலும் உழறேன்," என்று காலில் விழக் குனிந்தார் உஷாராணி.

"அய்யோ, எந்திரிங்க மேடம், இது கல்விக்கூடம். திங்கக்கிழமை ஆய்வுக் குழு வாராங்க. வாத்தியாருங்க எத்தனை பேருன்னு கேப்பாங்க. ஏழு லேப்புக்கு ஏழு மேடத்தைக் காட்டோணும். அசலைக் காட்டாம எப்படிங்க? உங்களைப் போக வேண்டாம்னு நான் சொல்லவே இல்லீங்க. நீங்க தாராளமாப் போங்க. சர்ட்டிபிகேட் இங்க இருக்கட்டும். வேலை பாக்கறது அதுதானுங்களே."

உஷாராணி மேசையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்தால் தருவீர்கள் என்று கேட்டார். தாளாளர் பெரிய மனசு பண்ணினார். அந்த மேடம் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் எடுத்துக் கொடுக்கத் தடையில்லை என்றார்.

"குடுங்க, இப்பவே போடறேன்!"

"நீங்க இல்லீங்க. அவங்க. இப்ப மூணாம் லேப்ல கிளாஸ்ல இருக்கறாங்க. கிளாஸ் நேரத்துல வாத்தியாரைக் கூப்புடறது நம்ம காலேஜ்ல வழக்கமில்லை. நாலரைக்குக் கிளாஸ் முடியுமுங்க. இல்லை, நடுவுல எங்கயாச்சும் கிளாஸ் நின்னுதுன்னா அவங்க ஃப்ரீ, அப்ப வேணா உங்க கையெழுத்தை அவங்க கையெழுத்துன்னு எடுத்துக்கலாம். காளியண்ணா, மேடத்துக்கு டீ சொல்லு."

வெளியே வந்ததும் போன் அடித்தது. "உஷா, இன்னும் பத்து நிமிசத்துல கெளம்புனாத்தான் பன்னெண்டுக்குள்ள போக முடியும். வந்துட்டியா?" என்றார் ஜீவானந்தம். "வாரேனுங்க," என்று மட்டும் சொன்னார் உஷாராணி.

மூன்றாம் ஆய்வகத்தில் கடைசி டெமோ ஓடிக்கொண்டிருந்தது. சுவரளவு பெரிய திரையில் அவர் முகம். உஷாராணி நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். தன் நெற்றியும் மூக்கும் தன் சேலையில் விழுந்து நெளிந்தன. யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவர் மறைத்த பகுதியைப் பார்க்கக் கழுத்தை வளைத்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். அதைக் கீழே இழுத்தால் வகுப்பு நின்றுவிடும். வகுப்பு நின்றால் திரையில் இருப்பவர் ஃப்ரீ. பீரோ திறக்கும்.

அவர் போய்ச் சுவிட்சில் கை வைத்தார். அப்போதுதான் மோனிஷா, முதல் முறையாகக் காமிராவை மறந்து, முகத்தை முழுசாகத் திருப்பினாள்.

"மேடம், வேண்டாங்க! எழுபத்தஞ்சு வந்தாத்தானுங்க ஹால் டிக்கெட்டு. நான் எழுபத்துநாலுல இருக்கறேன். இந்தப் படம் நடுவுல நின்னா எங்க முப்பத்தெட்டு பேருக்கும் போயிருமுங்க. திங்கக்கிழமை பரீட்சைங்க மேடம். எங்கப்பன் பீகார்ல இருந்து ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன் போட்டு இதை மட்டும்தான் கேக்குது."

உஷாராணி அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணின் வீட்டுக் கதவை மூன்று வருடத்துக்கு முன்பு தட்டியது யார் என்று யோசித்தார். யாராக இருந்தால் என்ன, தன்னைப் போன்ற ஒருத்திதான் தட்டியிருப்பாள். கை இரும்புப் பிடியில் எத்தனை நேரம் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் வேலை, தன் வயது, கேட்டுக்கு வெளியே நிற்கும் மனுஷன் எல்லாம் அந்தக் கையில் வந்து நின்றன. முப்பத்தெட்டு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். பிடியை விட்டுவிட்டார்.

"தேங்க்ஸுங்க மேடம்," என்றாள் மோனிஷா, அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "சித்தெ அக்கட்டால தள்ளி நின்னுக்குங்க, மேடம் மறைக்குது."

உஷாராணி தள்ளி, சுவரோரம் நின்றார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டுக்குள் சேலம் போகும் நேரம் கடந்துவிட்டது. திரையில் நாற்பதாவது டெமோ முடியும் இடத்துக்கு வந்திருந்தது. பின்னால் எங்கோ ஒரு தறி மெல்ல ஓடத் தொடங்கும் சத்தம். திரையில் இருந்தவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, களைப்போடு, அன்போடு சிரித்தாள்.

"அவ்வளவுதான் கண்ணுங்களா. என்னைப் பார்த்துச் செஞ்சது போதும், இனி நீங்களாக் கட்டிப் பாருங்க. ஓடலைன்னா பயப்படாதீங்க. என்ன சந்தேகம்னாலும் நேர்ல வந்து என்கிட்டக் கேளுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

முப்பத்தெட்டு பேரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். உஷாராணி சுவரோரம் காத்து நின்றார். யாருக்கும் சந்தேகம் இல்லை.